எண்ணெய் செல்லும் வழி

பழைய டீசல் வேன் ஒன்று சமதரையில் நன்றாக ஓடுகிறது. பேசின் பாலத்தின் ஏற்றத்தில் சோர்ந்து நின்றுவிடுகிறது. சற்று நேரம் கழித்து மீண்டும் புறப்படுகிறது. மூலக்கொத்தளத்தைச் சுற்றியுள்ள பட்டறைகளில் இக்குறையுடன் வந்த வண்டிகள் பலவற்றை நான் கண்டிருக்கிறேன். துறைமுகச் சரக்கும் காசிமேட்டு மீனும் ஏற்றிப் பிழைப்போரின் வண்டிகள் அவை. ஒரு நாள் நின்றால் அன்றைய கூலி போயிற்று. பழுதைத் தவறாகக் கணித்தால் பல நாள் வருவாய் போயிற்று. இக்குறையை உணர, டீசல் எஞ்சினின் வரலாற்றைச் சிறிது அறிதல் வேண்டும்.

ருடால்ப் டீசல் 1858இல் பாரிஸில் பிறந்த ஜெர்மானியர். 1897இல் ஆக்ஸ்பர்க் நகரில் அவருடைய எஞ்சின் வெற்றி கண்டது. எரிபொருளின் வெப்பத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை அது உழைப்பாக மாற்றிற்று. அதற்குத் தீப்பொறி வேண்டா. அழுத்திச் சூடேறிய காற்றில் எண்ணெயைத் தூவினால் தானே பற்றிக்கொள்ளும். ஆயினும் தூவுவதற்கு அழுத்தப்பட்ட காற்று தேவைப்பட்டது. அதை உண்டாக்கும் கருவியோ பெரிது. ஆதலால் அந்த எஞ்சின் நெடுங்காலம் ஆலைகளிலும் கப்பல்களிலுமே தங்கிற்று.

1927இல் ராபர்ட் பாஷ் நிறுவனம், எண்ணெயையே அழுத்தித் தூவச் செய்யும் இன்ஜெக்ஷன் பம்பைப் பெருமளவில் செய்யத் தொடங்கியது. டீசல் சாலைக்கு வருவது எளிதாயிற்று. இங்கே, 1948இல் தோன்றிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆலை அமைத்தது; 1955இல் அசோக் லேலண்ட் எனப் பெயர் பெற்றது. அதன் டீசல் லாரிகளும் பேருந்துகளும் நாடெங்கும் ஓடின. பின்னர் மெட்டடார் போன்ற வேன்களும் வந்தன.

இன்ஜெக்ஷன் பம்பினுள் உலக்கைபோல் ஏறியிறங்கும் தண்டுக்கும் அதன் உறைக்கும் உள்ள இடைவெளி, தலைமயிரின் பருமனில் பத்தில் ஒரு பங்கும் இராது. வலிமை தந்த அந்நுட்பமே அதன் மென்மையும் ஆயிற்று. தூசு, நீர், காற்று ஆகிய மூன்றும் அதற்குப் பகை. எண்ணெயைப் போலன்றிக் காற்று எளிதில் ஒடுங்கும் இயல்புடையது. குழாயில் காற்று புகுந்தால் பம்பு அதனையே அழுத்திக்கொண்டிருக்கும். எண்ணெய் எஞ்சினுள் பாயாது. தொழிலாளர் இதனை ‘ஏர் பிடித்துவிட்டது’ என்பர்.

டாங்கி, குழாய், எண்ணெயை இழுத்துத் தரும் சிறிய ‘பீட் பம்பு’, வடிகட்டி, இன்ஜெக்ஷன் பம்பு என்பதே எண்ணெய் செல்லும் வழி. நல்ல மெக்கானிக் அவ்வழியே முறையாகச் செல்வார். முதலில் புகையைப் பார்ப்பார். கரும்புகை மிகுந்தால், காற்று வடிகட்டி அடைபட்டதோ என்று நோக்குவார். புகையும் குறைந்து வலுவும் குறைந்தால், எண்ணெய் போதவில்லை என்று ஐயுறுவார். அடுத்து டாங்கியின் மூடியைத் திறப்பார். மூடியின் காற்றுத்துளை அடைபட்டிருந்தால், எண்ணெய் குறையக் குறைய உள்ளே அழுத்தம் தாழ்ந்து, எண்ணெய் வெளிவர மறுக்கும். திறந்ததும் ‘உஸ்’ என்ற ஒலியோடு காற்று உட்புகும்.

டாங்கியின் சல்லடையைக் கசடு மூடுவதும் உண்டு. வண்டி நின்றபின் கசடு நழுவி விழும். மீண்டும் புறப்படுவதன் காரணம் பல வேளைகளில் இதுவே. கடலோரத்து ஈரக்காற்றும் துணைசெய்கிறது. அரை டாங்கி எண்ணெயுடன் இரவில் நிற்கும் வண்டியில் நீர்த்துளிகள் படிந்து அடியில் சேர, பழைய இரும்புத் தகடு துருவேறும்.

டாங்கிக்கும் பீட் பம்புக்கும் இடைப்பட்ட குழாயில் நுண்ணிய விரிசல் இருப்பின், எஞ்சின் ஓடும்போது வெளியே ஒரு சொட்டும் ஒழுகாமலிருக்கலாம். அங்கே எண்ணெய் உறிஞ்சப்படுவதால், விரிசல் வழியே காற்று உட்புகும். ஐயம் தீராவிடில் எளிய சோதனை ஒன்று உண்டு. தூய டீசல் நிறைந்த டப்பாவைச் சற்று உயரத்தில் வைத்து, புதிய குழாயால் பீட் பம்பில் இணைத்து, ‘ஏர் எடுத்து’, எஞ்சினை வேகமாக ஓட்டிப் பார்ப்பார்கள். குறை மறைந்தால் பழுது டாங்கியிலோ பழைய குழாயிலோ உள்ளது. மறையாவிடில் பீட் பம்பையும் வடிகட்டியையும் பார்த்த பிறகே இன்ஜெக்ஷன் பம்பைத் தொடவேண்டும்.

அவசரத்தில் அதையே முதலில் கழற்றுவோரும் உளர். டாங்கியில் துரு எஞ்சியிருக்குமாயின், புதுப்பித்த பம்பும் விரைவில் கெடும். ஏழை ஓட்டுநருக்குச் செலவு இருமுறையாகும். எண்ணெயைத் தூய்மையாகவும் தடையின்றியும் செலுத்துவது எப்படி என்பதே டீசல் எஞ்சினின் வரலாறு முழுவதும் தொடர்ந்த வினா. நாளை பட்டறைக்குச் செல்லவிருக்கும் நீங்களும் கருவியை எடுக்குமுன் அவ்வினாவை டாங்கியிலிருந்து கேட்கத் தொடங்குங்கள்.