படுவான்கரைக்குத் திரும்பாத சிரட்டை

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, தென்னை நிற்கும் பக்கம். மேற்கே படுவான்கரை, வயல் பக்கம். அடுப்புக்கும் அகப்பைக்கும் போக மிஞ்சிய சிரட்டை கரியாகிறது. மூன்று நான்கு கிலோவுக்கு ஒரு கிலோ தேறும். காற்றை அடக்கிச் சுட வேண்டும், விட்டால் சாம்பல்தான்.

அந்தக் கரியில் 800 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டில் நீராவியைச் செலுத்தினால் உள்ளே நுண்துளைகள் திறந்துகொள்ளும். ஒரு கிராமின் உட்பரப்பு சுமார் 1000 சதுர மீற்றர். நச்சு ஆவி அதில் ஒட்டிக்கொள்ளும். 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்ர் நகரருகே ஜெர்மன் படை குளோரினைத் திறந்துவிட்ட பிறகு முகமூடிகளுக்கு இத்தகைய கரி அவசரமாகத் தேவைப்பட்டது. 1918இல் அமெரிக்காவில் வீடுவீடாகப் பழக்கொட்டை சேர்த்தார்கள். ஒரு முகமூடிக்கு 200 பீச் கொட்டை என்று கணக்கும் சொன்னார்கள். சிரட்டைக்கரி அதற்கும் மேல்: கெட்டியானது, எளிதில் பொடியாகாதது. இலங்கையில் 1973இல் தொடங்கிய ஹேகாப் நிறுவனம் அதைப் பதப்படுத்தி உலகெங்கும் அனுப்புகிறது. எந்த ஊர்ச் சிரட்டை என்று கரியில் எழுதியிருக்காது.

முகமூடியின் வடிகட்டிக்குள் போனதும் கரிக்கு ஒரு நிற அடையாளம் வந்துவிடுகிறது. ஐரோப்பிய முறைப்படி கரைப்பான் ஆவிக்குப் பழுப்பு, குளோரினுக்குச் சாம்பல், அமோனியாவுக்குப் பச்சை. வெறுங்கரி அமோனியாவைச் சரியாகப் பிடிக்காது. கரியில் உப்புகளை ஏற்றித்தான் பச்சை வடிகட்டி செய்கிறார்கள். ஆக, அமோனியாவில் ஓடும் ஐஸ் தொழிற்சாலைக்கு வாங்கியதை வயலுக்குக் கொண்டுபோக முடியாது. வயலில் பூச்சிமருந்தடிப்பவருக்குப் பழுப்போடு துளிகளைத் தடுக்கும் வெள்ளையும் வேண்டும்.

பெரும்போகத்தில் படுவான்கரை வயல் வட்டைக்குள் பாருங்கள். முதுகில் மருந்துத் தாங்கி, மூக்கைச் சுற்றி ஒரு துவாய். துணி பெருந்துளி சிலதைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. நனைந்தபின் மருந்தை மூக்கோடு சேர்த்துப் பிடித்துவைக்கும். அதைப் பாதுகாப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கொரோனாக் காலத்து முகக்கவசமும் ஆவிக்கு உதவாது.

நல்ல முகமூடியும் தானாகக் காப்பாற்றிவிடாது. இரண்டு நாள் தாடி போதும், விளிம்பில் இடைவெளி விழ. அடித்து முடித்து மருந்துப் போத்தல்களுக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டிவிட்டால், கரி இரவு முழுக்க அங்கேயே ஆவியைக் குடித்துக்கொண்டிருக்கும். மாரிக்காற்றின் ஈரமும் துளைகளை நிரப்பும். மூடி இறுகிய டப்பாவுக்குள் வைக்க வேண்டும். மணம் மூக்கில் பட்டால் வடிகட்டியை மாற்ற வேண்டும், மணம் வரும்வரை காத்திருக்காமல் மாற்றினால் இன்னும் நல்லது.

வடிகட்டி மாற்றும் செலவைக் கூலிக்கு மருந்தடிக்க வருகிறவர் தலையில் போடுவது நியாயமில்லை. விதைநெல், பசளை, உழவு இயந்திர வாடகை எழுதுகிற போகக் கணக்கிலேயே வடிகட்டிக்கும் ஒரு வரி இருக்கலாம்.