தரிசில் விளைந்த ரேஷன்: ஜஹீராபாத் பெண்களின் கதை

இன்னைக்கு நாம தெலங்கானா பக்கம் போகலாம். ஹைதராபாத்துக்கு மேற்கே சுமார் 100 கிலோமீட்டரில் ஜஹீராபாத். மழையை மட்டுமே நம்பிய தக்காணப் பூமி.

நில உச்சவரம்புச் சட்டத்துக்குப் பிறகு இங்கே பல தலித் குடும்பங்களுக்கு அரசு நிலம் கொடுத்தது. கிடைத்தது பெரும்பாலும் சரளைக்கல் மேடு. உழ மாடு இல்லை, எரு இல்லை, விதைக்குக் காசு இல்லை. பட்டா கையில் இருந்தும் அடுத்தவர் வயலுக்குக் கூலிக்குப் போனார்கள்.

1983இல் என்.டி.ராமராவ் அரசு கிலோ 2 ரூபாய்க்கு அரிசி கொடுக்க ஆரம்பித்தது. பசியைக் குறைத்த திட்டம்தான், மறுக்கவே முடியாது. ஆனா கடையில் அரிசி மலிவா கிடைக்கும்போது, கஷ்டப்பட்டு சோளம் யார் விதைப்பாங்க? தரிசு பரவியது. சோளம் போச்சு, மாட்டுக்குத் தட்டை போச்சு, பெண்களுக்குக் களையெடுப்பு வேலையும் போச்சு.

அதே 1983இல் தொடங்கியதுதான் டெக்கான் டெவலப்மென்ட் சொசைட்டி. பி.வி.சதீஷ் அதை நிறுவியவர்களில் ஒருவர். ஊர் ஊராகப் பெண்கள் சங்கங்கள் உருவாயின. உறுப்பினர்களில் பெரும்பாலானோர் தலித் பெண்கள்.

1990களில் அவர்கள் செய்த ஒரு ஏற்பாட்டைத்தான் நான் முக்கியமா சொல்ல வந்தேன். தரிசை உழுது எரு போட்டு விதைக்கக் கடன். அதைச் சோளமாகவே, சில வருடத் தவணையில் திருப்பிக் கட்டலாம். அந்தச் சோளத்தை ஊரிலேயே சேமித்து, வீட்டில் தானியம் தீரும் மாதங்களில் குறைந்த விலைக்குக் கொடுத்தார்கள். யார் வீடு ரொம்ப ஏழை, யாருக்கு எவ்வளவுன்னு ஊரே கூடி முடிவு பண்ணியது. ரேஷன் வரிசையில் நின்ற பெண்களே ரேஷனை நடத்தினார்கள்!

விதையும் அவர்கள் கையில்தான். சாம்பலும் வேப்பிலையும் கலந்து வீட்டிலேயே பாதுகாக்கிறார்கள். ஒரே ஏக்கரில் சோளம், தினை, துவரை, எள் என்று பத்துக்கு மேல் பயிர். ஒன்று காய்ந்தாலும் இன்னொன்று தாங்கும்.

2008இல் இந்தப் பெண்கள் சங்கம் ரேடியோ என்ற சமுதாய வானொலியைத் தொடங்கினார்கள். 2019இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் ஈக்வேட்டர் விருது கிடைத்தது.

மழை பொய்த்தால் இன்னைக்கும் சிரமம்தான். ஆனா என் பார்வையில், வறுமையிலிருந்து மீள்வதற்குப் பட்டா மட்டும் போதாது. முதல் உழவுக்கான காசு, விதை, தானியக் கிடங்கின் சாவி மூன்றும் கூடவே வரணும். இந்த வரலாறு எனக்குச் சொல்வது அதைத்தான். உங்க ஊர்ல தரிசாகக் கிடக்கும் நிலத்துக்கு இதில் எது குறையுதுன்னு யோசிச்சுப் பாருங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.