பாட்டன் பூட்டன் பெயர்

மன்னர் மரபை உரைப்பது மாத்திரம் வரலாறன்று. மண்வெட்டி பிடித்துப் பிழைத்தவனுக்கும் ஒரு மரபு உண்டு. அம்மரபை அறிவதற்கு எழுத்துச் சான்று எத்துணை இன்றியமையாதது என்பதை, மலையகத்தினின்றும் பெயர்ந்து வவுனியாவிற் குடியேறிய மக்களின் வரலாறு நன்கு காட்டும்.

ஸ்கொத்லாந்து தேசத்தில் 1855ஆம் ஆண்டு தொடங்கிப் பிறப்பு, இறப்பு, விவாகம் ஆகிய மூன்றும் அரசினராற் பதியப்பட்டு வருகின்றன. அதற்கு முற்பட்ட காலத்துக்குக் கோயிற்பற்றுப் பதிவேடுகள் உள. ஆதலின் ஆங்கு ஓர் எளிய தச்சனின் பேரனும் தன் முன்னோரைப் பல தலைமுறை தேடிச் செல்லல் கூடும். அந்நாட்டினின்றும் 1852இல் இலங்கைக்கு வந்து, 1867இல் லூல்கந்துரையிலே தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெயிலர் அத்தகைய எளிய குடும்பத்தவரே. அவர் தந்தைக்கு எழுதிய கடிதங்கள் இன்றும் எடின்பரோ நகரிற் பேணப்படுகின்றன.

அவர் காலத்திலே தோட்டங்களில் உழைத்த தமிழரின் நிலை வேறு. மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளை நோக்கி நடந்தோருள், வாந்திபேதியால் வழியில் மாண்டவர் பலரின் பெயர்தானும் எஞ்சவில்லை.

இக்குறை பின்னர்ப் பெருந்துன்பமாயிற்று. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், ஒருவரின் தந்தையேனும், அன்றேல் பாட்டனும் பூட்டனுமேனும் இலங்கையிற் பிறந்தமையை நிறுவுமாறு கேட்டது. பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் இல்லாதோர் யாது செய்வர்? இலட்சக்கணக்கானோர் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சியிருந்தோர்க்கு வழி திறந்தது 2003ஆம் ஆண்டுச் சட்டமே. இதற்கிடையில், 1977ஆம் ஆண்டுக் கலவரத்தில் மலையகத்தை விட்டகன்ற குடும்பங்கள் பல வவுனியாவை அடைந்தன. பின்வந்த போரிலோ, இருந்த பத்திரங்களையும் பலர் இழந்தனர்.

அக்குடும்பங்களின் இளையோர் தம் முன்னோரை எங்ஙனம் தேடுவது? தோட்டத்துச் செக்ரோல், பிறப்புப் பதிவு, பாடசாலைச் சேர்வு இடாப்பு என்பன முதற்படியாகும். எழுதுவினைஞர் செவியில் விழுந்தவாறே எழுதியமையால், ஒருவர் பெயரே இடத்துக்கிடம் மாறி நிற்றலுங் கூடும். எழுத்து முடியும் இடத்தில் முதியோர் நினைவு துணைபுரியும். குலதெய்வம் எதுவென வினவின், அத்தெய்வம் உறையும் ஊர் தெரியவரும். அதுவே பெரும்பாலும் பூட்டன் புறப்பட்ட ஊராதல் கூடும்.

கேட்டறிந்ததை ஆண்டும் ஊரும் குறித்து எழுதுதல் வேண்டும். பத்திரங்களைப் படியெடுத்து இரண்டு இடங்களில் வைத்தல் வேண்டும். முதியோர் உயிரோடிருக்கும் காலத்திலேயே இப்பணியைத் தொடங்குதல் நன்று.