வட்டு அடுக்கைப் பிரிக்கும் முன்

1987-ல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் மூவரும் ஒரு கணக்குப் போட்டார்கள். ஒரே ஒரு ராட்சத ஐபிஎம் 3380 வட்டுக்குப் பதிலாக, மேசைக் கணினிக்கான 100 மெகாபைட் வட்டுகளை அடுக்கினால் என்ன? 1988-ல் வெளியான அவர்களின் கட்டுரை அதற்கு ‘ரெய்டு’ என்று பெயரிட்டது. அதன் ஆங்கிலப் பெயரான RAID-ல் ‘ஐ’ என்ற எழுத்து ‘மலிவான’ என்பதைக் குறித்தது. பின்னாளில் அது ‘தனித்தியங்கும்’ என்றானது. மலிவு என்று சொல்லிக்கொண்டு யார் விலையை ஏற்றுவது!

சூட்சுமம், புளியங்கொட்டையை வைத்து ஆடும் ஒற்றையா இரட்டையாதான். மூன்று வட்டுகளில் 1, 0, 1 இருந்தால் கூட்டல் இரட்டை. நான்காவதில் 0 எழுதப்படும். நடு வட்டு செத்தாலும், மிச்சத்தைக் கூட்டிப் போனதை மீட்டுவிடலாம்.

ஒரு வட்டு போனால் சரி. அடுக்கையே மாற்றி அமைப்பது வேறு கதை. பழைய சர்வர்கள் பலவற்றில், எல்லாவற்றையும் காந்த நாடாவில் நகலெடுத்து, வட்டுகளைத் துடைத்து, புதிதாகக் கட்டி, திரும்ப ஏற்ற வேண்டும். அந்த இடைவேளையில் நாடா மட்டுமே கதி.

1996-ல் ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மெக்கராஸ் இருவரும் தந்த ‘ஆர்சிங்க்’ நிரல், கோப்புகளில் மாறிய பகுதிகளை மட்டும் அனுப்பியது. சர்வர் ஓடும்போதே பெரும்பகுதியைப் புது இயந்திரத்துக்கு நகர்த்திவிட்டு, கடைசிச் சுற்றுக்கு மட்டும் நிறுத்தினால் போதும் என்றானது.