பிடியரிசிப் பானை: வாவிக்கரையின் ஈகையும் வறுமைக்கெதிரான குரலும்

எங்கள் வீட்டுக் குசினியில், அடுப்புக்கு இடப்பக்கமாக ஒரு சிறிய மண்பானை இருந்தது. உலை வைக்கும் ஒவ்வொரு முறையும் உம்மம்மா, அளந்தெடுத்த அரிசியில் ஒரு பிடியை அள்ளி, பிஸ்மி சொல்லி அதற்குள் போடுவார். வியாழக்கிழமைகளில் முதிய பெண்ணொருவர் ஓலைப்பெட்டியோடு வந்து அதனை வாங்கிச் செல்வார். ஒரு பங்கு குர்ஆன் மத்ரஸாவுக்கு, மறுபங்கு ஊரின் கடைசித் தெருவிலிருந்த விதவைகளுக்கு.

வாப்பா மௌத்தான வருடம் அந்தப் பெட்டி எங்கள் வீட்டுக்கும் அரிசி கொண்டுவந்தது. அந்த வருடமும் உம்மம்மா பானைக்குப் பிடியரிசி போடுவதை நிறுத்தவில்லை. "வந்த அரிசியிலிருந்தே கொடுக்கிறதா உம்மம்மா?" என்று கேட்டேன். "கொடுக்கிறதை விட்டுப்போட்டா, பிறகு வாங்கிறவங்க என்ற பேர் மட்டுந்தான் மிஞ்சும் மகன்" என்றார்.

உலக வறுமைக்கெதிராகச் சாதாரண மனிதர் என்ன செய்ய முடியும் என்ற கேள்வியை எங்கு வாசித்தாலும் எனக்கு அந்தப் பானைதான் ஞாபகம் வரும். எமது வாவிக்கரைக்கு இக்கேள்வி புதியதல்ல. அதற்கு நாம் கண்ட விடைகளையும் அவற்றின் குறைகளையும் சற்றுப் பின்னோக்கிப் பார்ப்பது பயனுடையது.

மட்டக்களப்பு வாவி வடக்கே ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனை வரை நீண்டு கிடக்கிறது. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட எழுவான்கரையில் முஸ்லிம் ஊர்களும் தமிழ் ஊர்களும் மாறி மாறி அமைந்துள்ளன. வாவிக்கு மேற்கே, வயல்வெளிகள் நிறைந்த படுவான்கரை. இங்குள்ள முஸ்லிம்களிடையே தாய்வழிக் குடிமுறை நிலவியது. ஒவ்வொரு குடியும் பள்ளிவாசல் நிருவாகத்துக்குத் தன் மரைக்காயரை அனுப்பும். கந்தூரிக்குரிய அரிசியும் பணமும் குடிவாரியாகச் சேரும். யார் வீட்டில் அடுப்பெரியவில்லை என்பது மரைக்காயருக்குத் தெரிந்திருக்கும். கொடுக்க முடியாத ஏழை என்று எவரையும் ஒதுக்காமையே இவ்வேற்பாட்டின் சிறப்பு.

நோன்புப் பெருநாளின் பித்ராவிலும் இதே தத்துவம் உண்டு. நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின்படி, பெருநாள் பகலுக்கும் இரவுக்கும் தன் குடும்பத்துக்குத் தேவையானது போக மிஞ்சியிருப்பவர் மீது அது கடமை. அதற்கு அவர் செல்வந்தராக இருக்க வேண்டியதில்லை. கொடுத்தவரே வாங்கவும் கூடும். எங்கள் வீட்டில் காலையில் பித்ரா கொடுத்துவிட்டு நண்பகலுக்குள் பித்ரா வாங்கிய பெருநாள்கள் உண்டு. வெட்கம் இருந்தது, ஆனால் சிறுமை இருக்கவில்லை.

எனினும் பிடியரிசி அன்றைய பசியைத்தான் தீர்த்தது, அடுத்த வருடத்துப் பசியின் காரணத்தைத் தொடவில்லை. அதனைத் தொட்ட ஒருவரை இங்கு நினைவுகூர வேண்டும். 1942 ஏப்ரலில் யப்பானிய விமானங்கள் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு வீசின. பர்மா வீழ்ந்ததால் அங்கிருந்து வந்த அரிசியும் நின்றுபோனது. உணவு உற்பத்தியைப் பெருக்கவென, அப்போது மட்டக்களப்பு மாவட்டத்தின் பகுதியாயிருந்த கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக அனுப்பப்பட்டவர் ஏ. எம். ஏ. அஸீஸ். இலங்கைச் சிவில் சேவையில் நுழைந்த முதல் முஸ்லிம் அவர். காடு வெட்டிக் கழனியாக்க மக்களுக்கு அவர் காணி வழங்கினார். இரவல் நிலத்தில் உழைத்தோர் பலர் அதனால் நிலவுடைமையாளராயினர். காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தரோடு அவருக்கிருந்த நட்பும் இங்கு குறிப்பிடத்தக்கது.

கல்முனையில் அஸீஸ் கண்டது வெறும் பசியை அல்ல. கெட்டிக்காரப் பிள்ளைகள் வசதியின்மையால் படிப்பை நிறுத்துவதையும் கண்டார். 1945இல் அவர் முன்னின்று தொடங்கிய இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதி அதன் விளைவே. நாடெங்குமுள்ள முஸ்லிம்களின் நன்கொடையால் வளர்ந்த அந்நிதி, ஏழை மாணவர் பலரைப் பல்கலைக்கழகம் வரை கொண்டு சென்றது. பிடியரிசியின் தத்துவமே இங்கு நிறுவனமாயிற்று: பலருடைய சிறு பங்கு, ஒழுங்கான கணக்கு, நீண்டகால நோக்கு.

கொடுப்பது ஒன்று, கேட்பது இன்னொன்று. 1953இல் அரசாங்கம் மானியத்தை வெட்டியபோது பங்கீட்டு அரிசியின் விலை கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாயிற்று. ஆகஸ்ட் 12ஆம் திகதி நடந்த ஹர்த்தாலில் கடைகள் அடைபட்டன, ரயில்கள் நின்றன, துப்பாக்கிச் சூட்டில் உயிர்களும் போயின. சில வாரங்களில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். அரிசியைப் பிச்சையாகப் பெறாமல் உரிமையாகக் கேட்கலாம் என்பதை இந்நாட்டுச் சாதாரண மக்கள் அன்று காட்டினர்.

உலக அரங்கிலும் இவ்வாறே. 1987 ஒக்டோபர் 17ஆம் திகதி, வறுமையில் பிறந்து வளர்ந்த ஜோசப் ரெசின்ஸ்கி என்ற பாதிரியாரின் அழைப்பில் பாரிஸில் ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர் கூடி, வறுமை மனித உரிமை மீறல் என்று பிரகடனம் செய்தனர். அந்த நாளையே 1992இல் ஐக்கிய நாடுகள் சபை சர்வதேச வறுமை ஒழிப்பு நாளாக ஏற்றது. 1998 மே மாதம் பேர்மிங்ஹாமில் ஜீ-8 தலைவர்கள் கூடியபோது, ஏழை நாடுகளின் கடனை இரத்துச் செய்யக் கோரி சுமார் 70,000 பேர் கைகோத்து நின்றனர். 'ஜூபிலி 2000' என்ற அவ்வியக்கம் உலகெங்கும் 2 கோடிக்கு மேற்பட்ட கையொப்பங்களைத் திரட்டியது. 2005இல் 18 நாடுகளின் சுமார் 4,000 கோடி டொலர் கடனைத் தள்ளுபடி செய்ய ஜீ-8 நாடுகள் இணங்கியதற்குப் பின்னால் இத்தகைய சாதாரண மனிதர்களின் பல வருட உழைப்பு இருந்தது.

அப்பட்டியலில் இலங்கை இருக்கவில்லை. சுனாமிக்குப் பின், 2005இல் பாரிஸ் கழகம் நமக்குத் தந்தது கடன் செலுத்தத் தவணை மட்டுமே. 2022 ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனைச் செலுத்த முடியாதென இலங்கை அறிவித்தபோது கடன் என்பது பத்திரிகைச் செய்தியாயிருந்த நிலை மாறி, எரிவாயு வரிசையிலும் பால்மா விலையிலும் வந்து நின்றது.

நாட்டின் கடனுக்கு முன்பே வீட்டின் கடன் வந்துவிட்டது. போர் முடிந்தபின் வடக்கிலும் கிழக்கிலும் நுண்கடன் கம்பனிகள் வாசலுக்கு வந்தன. 2012/13ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 6.7 வீதமானோரே வறியோர், மட்டக்களப்பு மாவட்டத்திலோ 19.4 வீதம். உழைக்க ஆணில்லாத பல வீடுகளில் பெண்கள் ஒரு கடனை அடைக்க மறு கடன் பெற்றனர். பெண்களின் எதிர்ப்பு வலுத்தபின், 2018இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாவுக்குட்பட்ட நுண்கடன்களுக்கு அரசாங்கம் நிவாரணம் அறிவித்தது. 2021இல் ஹிங்குராக்கொடையில் பெண்கள் வாரக்கணக்காகச் சத்தியாக்கிரகம் இருந்தனர். நம்மில் எத்தனை பேர் அவர்களுக்காகப் பேசினோம்? வட்டி ஹராம் என்று மிம்பரில் சொன்ன நாம், வட்டியில் சிக்கியவரை மீட்கப் போதுமானளவு முன்வரவில்லை. ஸகாத்துக்குரிய எட்டுக் கூட்டத்தாருள் கடனாளிகளும் அடங்குவர் என்பது நமக்குத் தெரியாததல்ல.

நம் ஈகையின் இன்னொரு குறையையும் மறைக்கலாகாது. 2020 மே 21ஆம் திகதி கொழும்பு மாளிகாவத்தையில், ரமழான் உதவிப் பணம் பெறக் கூடிய நெரிசலில் மூன்று பெண்கள் உயிரிழந்தனர். ஏழையை வரிசையில் நிறுத்துகின்ற கொடை எங்கே போய் முடியும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. உம்மம்மாவின் பெட்டி எங்கள் வாசலுக்கு வந்தது. நாங்கள் எங்கும் வரிசையில் நிற்கவில்லை.

ஸூரத்துல் மாஊன் ஏழைக்கு உணவளிக்காதவனை மட்டும் கண்டிக்கவில்லை, உணவளிக்கும்படி பிறரைத் தூண்டாதவனையும் கண்டிக்கின்றது. கையில் ஒன்றுமில்லாதவனும் தூண்டலாம். கையொப்பமிடலாம், பிரதேச சபையில் கேள்வி எழுப்பலாம், ஊர் ஸகாத் நிதியின் கணக்கைக் கேட்கலாம், கடன்பட்ட பெண்ணோடு கச்சேரி வரை நடக்கலாம். இவையும் இபாதத்தே.

கடைசியாக ஒன்று. 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும், அடுத்த மாதம் சத்துருக்கொண்டானிலும் நடந்த படுகொலைகள் வாவியின் மக்களைப் பிரித்துப்போட்டன. ஆனால் 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபின், எங்கள் பள்ளிவாசலுக்கு முதல் வந்த சோற்றுப் பார்சல்கள் படுவான்கரையிலிருந்து தோணியில் வந்தவை. கொண்டுவந்தவர்கள் எங்கள் பேரைக் கேட்கவில்லை. ஸதகாவை முஸ்லிமல்லாதாருக்கும் வழங்கலாம் என்று நம் மத்ஹபு அனுமதிக்கின்றது. அப்படியிருக்க, நம் குரலுக்கு மட்டும் ஏன் எல்லை வைக்க வேண்டும்?

உம்மம்மாவின் பானை இப்போது எங்கள் வீட்டில் இல்லை. மனைவி ஒரு பிளாஸ்டிக் வாளியை அவ்விடத்தில் வைத்திருக்கிறார். வியாழக்கிழமைகளில் எவரும் வருவதில்லை, நாங்களே கொண்டுபோய்க் கொடுக்கிறோம். சென்ற மாதம் அது வாவியைக் கடந்து, நுண்கடனில் தாலியை அடகு வைத்த ஒரு பெண்ணின் வீட்டுக்குப் போனது. அரிசியோடு, அவர் கையொப்பமிட்ட கடன் பத்திரத்தை வாசித்து விளக்க என் மகளும் போனாள்.