ஒரு பக்கத்துக்கு ஓர் ஊசி

கிராமபோன் என்றதும் நம்மவர் நினைவுக்கு வருவது பூப்போல விரிந்த குழலும், அதன்முன் செவிசாய்த்து அமர்ந்த நாயும்தான். ஊசியை நினைவுகூர்வார் அரிது. ஓர் அங்குலத்துக்கும் குறைந்த நீளமும் சில காசு மதிப்புமே உடைய அந்த எஃகுத் துண்டைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று வாசகர் வினவலாம். பழைய கைப்பெட்டிக் கிராமபோன் ஒன்றை வீட்டிலேயே சீர்செய்ய முற்படுகிறவர் எவராயினும், சுருள்வில்லையும் பற்சக்கரங்களையும் கடந்து இறுதியில் வந்து நிற்பது அந்த ஊசியிடத்தில்தான். ஆதலால் அதிலிருந்தே தொடங்குவோம்.

1877இல் எடிசன் வெள்ளீயத் தகட்டில் மனிதக் குரலைப் பதித்துக் காட்டினார். பத்தாண்டு கழித்து, 1887இல், எமில் பெர்லினர் உருளைக்குப் பதிலாகத் தட்டையான வட்டைக் கொண்டுவந்தார். கடின ரப்பரால் செய்யப்பட்ட அவருடைய தொடக்ககாலத் தட்டுகள் மனநிறைவு தரவில்லை. 1890களின் பிற்பகுதியில் அவற்றின் இடத்தை அவலரக்கு பிடித்துக்கொண்டது. இங்கேதான் நம் நாடு கதைக்குள் நுழைகிறது. பலாசு, இலந்தை முதலிய மரங்களின் சிறுகிளைகளில் ஒட்டி வாழும் அரக்குப் பூச்சி தன்னைச் சுற்றி வடிக்கும் பிசினே கொம்பரக்கு. அதைச் சுரண்டி, உருக்கி, மெல்லிய ஏடாக இழுத்தால் அவலரக்கு. இதை உலகுக்கு வழங்கிய முதன்மையான நிலம் சோட்டா நாகபுரி. இயேசு சபைக் குரு கொன்ஸ்தாந்து லீவன்ஸ் 1885இல் வந்து, நிலத்தை இழந்துகொண்டிருந்த முண்டா, ஒராவோன் மக்களுக்காக நீதிமன்றப் படியேறிய அதே நிலம். ஐரோப்பிய மாளிகைகளில் ஒலித்த சங்கீதமெல்லாம் நம் காட்டுமக்கள் சேகரித்த பிசினின் மீது எழுதப்பட்டது என்பதை இசை வரலாறு எழுதுவோர் பலர் ஓர் அடிக்குறிப்போடு விட்டுவிடுகின்றனர். பாரதத்தின் அரக்கு மாளிகையைத் தெரிந்த நமக்கேனும் அது அடிக்குறிப்பாகக் கூடாது.

ஆயினும் தட்டில் அவலரக்கு ஏறத்தாழக் கால்பங்கே. எஞ்சியதில் பெரும்பகுதி கற்பலகைத் தூள், சுண்ணாம்புக்கல் தூள் போன்ற தாதுப்பொடி. கறுப்பு நிறத்துக்குக் கரித்தூள், பிணைப்புக்குப் பஞ்சிழை. அந்தத் தாதுப்பொடியை மலிவுக்காகச் சேர்த்த கலப்படம் என எண்ணிவிடலாகாது. அதற்கு ஒரு வேலை உண்டு. புதிய ஊசியின் முனை உருண்டையானது. எல்லாத் தட்டின் வரிப்பள்ளத்துக்கும் அது அப்படியே பொருந்தாது. தட்டு சுழலத் தொடங்கிய முதல் சில சுற்றுகளிலேயே பொடி ஊசியைச் சாணைபிடித்து, அந்தப் பள்ளத்துக்குரிய வடிவத்தைத் தந்துவிடுகிறது. எஃகு தேய வேண்டும், குரல் தேயக்கூடாது என்பதே ஏற்பாடு. பத்தங்குலத் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடம் ஓடும். நிமிடத்துக்கு 78 சுற்று என்றால், ஊசி அந்த நேரத்தில் நூறு மீட்டருக்கும் அதிகமான தொலைவு உராய்ந்து செல்கிறது. அதன்மேல் அழுத்தும் எடையோ நூறு கிராமுக்கும் மேல். பக்கம் முடியும்போது முனையின் இருபுறமும் தட்டையாகி, உளியின் ஓரம்போலக் கூர்விளிம்பு தோன்றிவிடும். அதே ஊசியை மறுமுறை வைத்தால் அது பள்ளத்தின் சுவரைச் செதுக்கும். ஊசி டப்பாக்களின் மூடியில் ஒருமுறையே பயன்படுத்துக என்று அச்சிட்டது இதனால்தான். (கோதுமை மணி உவமையை இங்கே இழுத்துவர வேண்டாம். ஊசிக்கு மனமில்லை, அது வெறும் எஃகு.)

இருநூறு ஊசி கொண்ட டப்பா ஒன்றை ஆண்டுக்கணக்கில் வைத்துப் பயன்படுத்திய வீடுகள் நம்மிடையே எத்தனை! முனை மழுங்கினால் திருப்பி வைத்துப் பார்ப்பதும், உரைகல்லில் தீட்டுவதும் சிக்கனம் எனப்பட்டது. காசில்லாத வீட்டைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. எனினும் விளைவு விளைவுதான். அன்று மிக விரும்பிக் கேட்ட தட்டே இன்று மிகவும் சிதைந்திருக்கிறது. கேட்காமல் மூலையில் போட்டது பளபளவென்று இருக்கிறது.

இதில் நம் திரு அவைக்கும் பங்குண்டு. 1810இல் பிறந்த திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் தம் வாழ்வின் இறுதி ஆண்டாகிய 1903இல் இலத்தீனில் மங்கள வார்த்தை செபத்தையும் ஆசியுரையையும் பெத்தினி என்பவரின் மெழுகு உருளையில் பதியவைத்தார். நெப்போலியன் வாழ்ந்த காலத்தில் பிறந்த ஒருவரின் குரலை நாம் கேட்கிறோம் என்பது வியப்புக்குரியது. அதற்கு முந்திய ஆண்டில் கிராமபோன் கம்பெனியார் வத்திக்கானுக்கு வந்து சிஸ்டின் சிற்றாலயப் பாடகர் குழுவைப் பதிவுசெய்தனர். 1904இல் மீண்டும் வந்தனர். அவற்றில் அலெக்சாண்டர் மொரெஸ்கியின் குரலும் உண்டு. சிறுவயதில் ஆண்மை நீக்கப்பட்டு உச்சக்குரலில் நிறுத்தப்பட்ட பாடகர் மரபின் கடைசி மனிதர் அவர். 1903 நவம்பர் 22ஆம் நாள் திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் திருவழிபாட்டு இசைபற்றி விடுத்த மடல், உச்சக்குரல் தேவைப்படும் இடத்தில் சிறுவரைப் பாடச்செய்யுமாறு பணித்தது. நமக்குப் பெருமை தராத ஒரு பழக்கத்தின் சாட்சியும் அவலரக்கில்தான் தங்கியிருக்கிறது. அதையும் கேட்கத்தான் வேண்டும்.

1904இல் உரோமையில் நிகழ்ந்த கிரகோரியன் இசை மாநாட்டின் தட்டுகள் நம் கருத்தில் இன்னும் அரியவை. கிரகோரியன் பாடலின் தாளம் எப்படி இருக்கவேண்டும் என்பதில் பொத்தியே, மொக்குரோ என்னும் ஆசீர்வாதப்பர் சபைத் துறவியர் இருவரும் வேறுபட்டு நின்றனர். ஏட்டில் புள்ளிகள் மட்டுமே. அவற்றை எப்படிப் பாடினர் என்று ஏடு சொல்லாது. இருவருடைய இயக்கத்திலும் பாடப்பட்டவை அத்தட்டுகளில் அடுத்தடுத்து இருக்கின்றன. 1930இல் சொலெம் மடத்துத் துறவியர் கஜார் அடிகளின் தலைமையில் பாடிப் பதிவுசெய்தவை, அப்பாடலைத் தம் வாழ்நாளில் கேட்டிராத பங்குகளுக்கெல்லாம் அதைக் கொண்டுசேர்த்தன.

கொண்டுசேர்த்தவை பெரும் குழல் வைத்த கிராமபோன்கள் மட்டுமல்ல. 1914இல் இலண்டனில் தெக்கா என்னும் பெயரில் ஒரு கைப்பெட்டி விற்பனைக்கு வந்தது. மூடினால் பெட்டி, திறந்தால் கிராமபோன். அதே ஆண்டு மூண்ட போரில் வீரர்கள் அதைப் பதுங்குகுழிக்குத் தூக்கிச் சென்றனர். 1925இல் எச்.எம்.வி. 101, 1931இல் 102. வத்திக்கான் வானொலி பேசத் தொடங்கியதும் அந்த 1931ஆம் ஆண்டில்தான். ஆனால் வானொலிக்கு மின்சாரம் வேண்டும். கைப்பெட்டிக்குச் சாவி கொடுக்கும் கை போதும். 1928இல் கல்கத்தாவின் டம்டமில் திறக்கப்பட்ட தொழிற்சாலை 78 சுற்றுத் தட்டுகளை 1960களிலும் அச்சிட்டுக்கொண்டிருந்தது. பீட்டில்ஸ் பாடல்கள்கூட அந்த வடிவில் அங்கிருந்து வந்தன. மேனாட்டில் அவ்வகைத் தட்டுகள் வழக்கொழிந்த பின்னும் இங்கே நீடித்ததற்கு மின்கம்பி எட்டாத நம் ஊர்கள் ஒரு காரணம்.

நம் பங்கில் ஒரு குடும்பத்தார் பரணிலிருந்து இறக்கித் தந்த 102 ஒன்றைச் சீர்செய்யும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. செய்முறையை விரித்துரைக்கத் தேவையில்லை. கைக்கொள்ள வேண்டிய சிலவற்றை மட்டும் சொல்வோம். முதலாவது, சுருள்வில்லின் முறுக்கு முழுவதும் இறங்கும்வரை எதையும் கழற்றலாகாது. முறுக்கோடு இருக்கும் வில் விரலைப் பதம்பார்த்துவிடும். வில்லைச் சூழ்ந்த பழைய கிரீஸ் இறுகிப்போயிருப்பின், ஓடும்போது வில் வழுக்காமல் துள்ளும்; பெட்டிக்குள் யாரோ உதைப்பதுபோல் ஒலி கேட்கும். மண்ணெண்ணெயில் கழுவி, காரீயம் கலந்த கிரீஸ் இட்டால் அது தீரும். மூன்று எடைகளைச் சுழற்றி வேகத்தைக் காக்கும் கவர்னர் உறுப்புக்கு ஒரு துளி மெல்லிய எண்ணெய். வேகத்தைச் சரிபார்க்கக் கருவி வேண்டா. தட்டின் அடியில் காகிதத் துண்டொன்றைச் செருகிக் கடிகாரத்தைப் பார்த்தவாறு ஒரு நிமிடம் எண்ணினால் 78 வரவேண்டும். ஒலிப்பெட்டிக்குள் மெல்லிய அலுமினியத் தகட்டை இருபுறமும் தாங்கும் ரப்பர் வளையங்கள் கல்லாய் இறுகியிருக்கும். அவை தகட்டை அசையவிடாமையால் குரல் தகரத்தில் உரசினாற்போல் கேட்கிறது. மென்மையான புதிய குழாய் ரப்பரை வளைத்து வைத்ததும் கருவி பேசிற்று.

மாற்றியவை கிரீசும் ரப்பரும் மட்டுமே. உறையின் கிழிசலையும், கைப்பிடியின் தேய்வையும், மூடியினுள் யாரோ எழுத்தாணியால் கீறிய தேதியையும் விட்டுவிட்டோம். புத்தம்புதிதாக்குவதைச் சீர்செய்தல் என்று கருதுவோர் பலர். நம் பழைய கோவில்களில் மரப்பீடங்களுக்கு எனாமல் பூசியவர்களும் அப்படித்தான் கருதினர்.

அவ்வீட்டில் தட்டுகள் பன்னிரண்டு. 1948இல் வெளிவந்த ஞானசௌந்தரி படத்தில் தேவமாதாவை நோக்கிப் பாடும் பாடல் அவற்றில் ஒன்று. வெட்டுண்ட கைகளை மாதா மீண்டும் அருளும் அக்கதையையும் அப்பாடலையும் திருவிழா ஒலிபெருக்கியில் கேட்டு வளர்ந்த தலைமுறை இன்னும் நம்மிடையே உண்டு. தட்டைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தோம். குரல் உயரும் இடங்களிலெல்லாம் சாம்பல்நிறக் கீற்று. பழைய ஊசிகள் செதுக்கிய தடம். சாராயம் கலந்த எதுவும் அரக்கைக் கரைத்துவிடும் என்பதால், வடித்த நீரில் ஒரு சொட்டுச் சோப்பிட்டு, நடுத்தாளை நனைக்காமல் துடைத்தோம். சில கிராம் மட்டுமே அழுத்தும் மின்முனை உள்ள நண்பர் ஒருவரிடம் கொடுத்து முதலில் ஒரு படி எடுத்துக்கொண்டோம். இனிக் கேட்பதற்கு அந்தப் படி போதும் என்பது நம் எண்ணம். ஒவ்வொரு முறையும் கைப்பெட்டி தட்டிலிருந்து சிறிது எடுத்துக்கொள்ளவே செய்யும்.

எண்பதைக் கடந்த அவ்வீட்டுப் பாட்டி ஒப்பவில்லை. "படியை நீங்க கேளுங்க சாமி. எனக்கு இந்தப் பெட்டியிலதான் கேக்கணும். நான் இருக்கும்போது தேயாம பிறகு யாருக்காகத் தேயப்போகுது?" என்றார். இறையியல் படித்தும் அதற்கு நம்மிடம் மறுமொழி இல்லை. புதிய எஃகு ஊசிகள் இன்றும் செய்யப்படுகின்றன. மெல்லோசை தரும் வகையில் ஒன்றை வைத்தோம். இரைச்சலுக்கிடையே பாடல் வந்தது. பாட்டி முழுவதும் கேட்டார். பேரப்பிள்ளை உடனே மறுபக்கத்தைத் திருப்பினான். அவன் கையைப் பிடித்து நிறுத்தி, ஊசியைக் கழற்றித் தாளில் மடித்துவிட்டு, டப்பாவிலிருந்து அடுத்ததை எடுத்துக் கொடுத்தோம்.