கோடையில் வந்த கிறிஸ்துமஸ்

செட்டிநாட்டில் நாம் கிறிஸ்து பிறப்பு விழாவை மார்கழிப் பனியில் கொண்டாடுகிறோம். அதே நாளில் தென்னாப்பிரிக்காவில் நடுக்கோடை.

1860 அக்டோபரில் சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பலில் ஒப்பந்தத் தொழிலாளராக 342 பேர் புறப்பட்டு, நவம்பர் 16-ல் டர்பன் துறைமுகம் சேர்ந்தனர். கரும்புத் தோட்டங்களுக்கென அழைக்கப்பட்ட அவர்களுள் கிறிஸ்தவர்களும் இருந்தனர். நாற்பது நாள் நிறையுமுன் அங்கே முதல் கிறிஸ்துமஸ் வந்தது. சுட்டெரிக்கும் வெயில், சொந்த ஊரும் கோயிலும் கடலுக்கு அப்பால்.

நற்செய்தி நூல்கள் பாலன் பிறந்த மாதத்தைக் கூறவில்லை. டிசம்பர் 25 என்பது நான்காம் நூற்றாண்டு ரோமையின் வழக்கம். அங்கே அது குளிர்காலம். நம் குடிலில் ஒட்டும் பஞ்சும் பனிநாட்டார் தந்ததே. விழாவுக்குப் பனி தேவையில்லை என்பதற்கு அம்மக்களின் வழித்தோன்றல்களே சாட்சி. நள்ளிரவுத் திருப்பலியில் அவர்களையும் செபத்தில் நினைவோமாக!